நீலக் குருதியின் காவல்

(புத்தூரில் மாணவரும் ஊரவரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்தது குருதியைப் பற்றி. நண்டின் குருதி, இறாலின் குருதி, புகையிலையைத் தின்னும் புழுவின் குருதி, கிணற்றடியில் பறக்கும் நுளம்பின் குருதி. இந்தக் கூட்டத்துக்கு முள்ளந்தண்டிலிகள் என்று பாடசாலையில் பெயர் சொல்லிக் கொடுக்கிறோம். பெயரிடப்பட்ட விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இவைதான். மீனும் தவளையும் பறவையும் மாடும் மனிதரும் சேர்ந்த நம்முடைய பக்கம் ஒரு சிறு கூட்டம்.

இந்தப் பெருங்கூட்டத்துக்கு நோய் வராதா? வரும். பற்றீரியா வரும், பங்கசு வரும், வைரசு வரும், ஒட்டுண்ணியும் வரும். வந்தால் வைத்தியசாலை உண்டா? தடுப்பூசி உண்டா? இல்லை. ஆனாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவை வாழ்ந்து வருகின்றன. எப்படி? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைத்து, தெரிந்த அளவுக்கு விடையும் சொல்லப்போகிறேன்.

இதைப் புத்தூரில் நின்று பேசுவது பொருத்தமானது. வடக்கே நவக்கிரியில் நிலாவரை இருக்கிறது. மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். கிழக்கே வாதரவத்தைப் பக்கம் போனால் உப்பாறு. மீசாலைக்குப் போகும் வீதி அந்த நீரேரியைக் கடந்துதான் போகிறது. மாரியில் அங்கே மழைநீர் நிரம்பி உவர் தணியும். கோடையில் நீர் வற்றி நிலத்தில் உப்புப் பூக்கும். அந்த மாறும் தண்ணீருக்குள் சேறும் அழுகலும் நிறைந்த இடத்தில், ஒரு சொட்டில் ஆயிரமாயிரம் நுண்ணங்கிகள் நீந்தும் இடத்தில், ஓர் இறால் குஞ்சு பெரிதாகி வருகிறதே, அதை யார் காக்கிறார்கள்?

முதலில் சமையலறைக்குப் போவோம். அம்மாமாரே, உயிர் நண்டை வாங்கி வந்து உடைக்கும்போது ஓட்டுக்குள்ளிருந்து ஒரு நீர் வடியும். பலர் அதைக் கடல்நீர் என்று நினைத்துக் கழுவி ஊற்றிவிடுவார்கள். அது கடல்நீர் மாத்திரம் இல்லை. அதில் நண்டின் குருதியும் இருக்கிறது. உடைத்தவுடன் அதற்கு நிறமே இருக்காது. கொஞ்ச நேரம் காற்றுப்பட விட்டு, வெள்ளைக் கோப்பையில் வைத்து வடிவாகப் பாருங்கள். மெல்லிய நீலம் ஏறும்.

எங்கள் குருதி சிவப்பு. காரணம், ஈமோகுளோபின் என்ற புரதம். அதில் இரும்பு இருக்கிறது. அந்தப் புரதம் செங்குழியங்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நண்டின் குருதியில் இருப்பது ஈமோசயனின் என்ற புரதம். அதில் செப்பு இருக்கிறது. இரண்டு செப்பு அணுக்கள் எதிரெதிரே நின்று, நடுவில் ஓர் ஒட்சிசன் மூலக்கூற்றைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் நீலம். விட்டால் நிறமில்லை. அது எந்தக் குழியத்துக்குள்ளும் அடைபடாமல் குருதிநீரில் நேரே கரைந்து மிதக்கிறது. பெல்சியத்து அறிஞர் லியோன் ஃப்ரெடெரிக், 1878ஆம் ஆண்டு, பேய்க்கணவாயின் குருதியைப் பார்த்து இந்தப் புரதத்துக்குப் பெயர் வைத்தார். அன்றிலிருந்து நூறு ஆண்டுக்கு மேலாக உலகம் இதை ஒரே ஒரு வேலை செய்யும் வேலைக்காரனாகத்தான் பார்த்தது. செவுளில் ஒட்சிசனை ஏற்றி, தசையில் இறக்கிவிடும் புரதம். அவ்வளவுதான் அதன் வேலை என்று புத்தகங்களும் எழுதின.

ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். இறால், நண்டு போன்றவற்றின் குருதிநீரில் உள்ள புரதத்தில் நூற்றுக்கு அறுபது முதல் தொண்ணூற்றைந்து பங்குவரை இந்த ஒரே ஈமோசயனின்தான். இவ்வளவு குவித்து வைத்திருக்கும் ஒரு பொருளை மூச்சுக்கு மட்டுமா வைத்திருக்கும் அந்தப் பிராணி? இந்தக் கேள்வி அறிஞர்களின் மனத்தைக் குடையத் தொடங்கியது.

அந்தக் கதைக்குள் போவதற்கு முன், நண்டின் நிலைமையை விளங்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் கொப்புளிப்பான் ஒருமுறை வந்து மாறினால், அனேகமாக மறுபடி வராது. அந்தக் கிருமிக்கென்றே உடல் பிறபொருளெதிரிகளைச் செய்து, அந்த நினைவைப் பல ஆண்டுகள் வைத்திருக்கும். தடுப்பூசியும் இந்த நினைவை நம்பித்தான் போடப்படுகிறது. நண்டுக்குப் பிறபொருளெதிரி கிடையாது. ஒரு கிருமியை முன்பு சந்தித்த இறால் அடுத்த முறை சற்று நன்றாகத் தாங்குவதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் எங்களிடம் இருக்கும் கூர்மையான நினைவு அங்கே இல்லை.

இன்னொன்று. எங்கள் குருதி குழாய்களுக்குள் ஓடுகிறது. நண்டின் குருதி இதயத்திலிருந்து சிறிது தூரம் குழாயில் போய், பிறகு உடற்குழிக்குள் திறந்து பாய்ந்து, உறுப்புகளை நேரே நனைக்கிறது. ஒரு கால் முறிந்தால் என்ன நடக்கும்? அந்த வாசலால் நுழைந்த பற்றீரியா கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் சுற்றிவிடும். நாட்கணக்கில் யோசித்து ஆயுதம் செய்ய நேரமில்லை. நிமிடக் கணக்கில் முடிய வேண்டிய போர் அது. ஆகையால் ஆயுதம் எப்போதும் குருதிக்குள்ளேயே கரைந்து, ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ருசிய அறிஞர் மெச்னிக்கோவ் 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் குடம்பிக்குள் ஒரு முள்ளைச் செருகிப் பார்த்தார். மறுநாள் அந்த முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்து நின்றன. உடலின் காவலை ஆராய்ந்ததற்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்டது கலங்களின் போர். நான் இன்று சொல்ல வந்தது கலங்களுக்கு வெளியே, குருதிநீரில் கரைந்திருக்கும் புரதங்களின் போர்.

அந்தப் போரை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தும் இதுதான் அது என்று அறியாமல் இருந்திருக்கிறீர்கள்.

சந்தையில் இறால் வாங்கும்போது தலையைத் திருப்பிப் பார்ப்பீர்கள். ஏன்? தலைப்பக்கம் கறுத்திருந்தால் பழைய இறால். ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர்கள் இந்தக் கறுப்பு வராமல் இருக்கச் சோடியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைசலில் தோய்த்து எடுப்பார்கள். அந்தக் கறுப்பைப் பார்த்தால் விலை விழும். ஆனால் அது அழுகல் இல்லை. புகையிலைத் தோட்டத்தில் புழு பொறுக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். புழுவை நசித்தால் பச்சையாக வரும் நீர், காற்றுப்பட்டதும் கறுத்துப்போகும். அதுவும் அழுகல் இல்லை. அது நிர்ப்பீடனம். உயிர் போன பிறகும் நின்றுவிடாமல் நடந்துகொண்டிருக்கும் பாதுகாப்பு வேலை அது.

இதைச் செய்வது பீனோலொட்சிடேசு என்ற நொதியம். அதன் நடுவிலும் இரண்டு செப்பு அணுக்கள். அது பீனோல் வகைச் சேர்வைகளைப் பிடித்து, குயினோன் என்ற நச்சுப் பொருளாக மாற்றுகிறது. குயினோன் கிருமியைத் தாக்குகிறது. பிறகு குயினோன்கள் ஒன்றோடொன்று இணைந்து மெலனின் என்ற கருநிறப் பொருளாகி, கிருமியைச் சுற்றி மதில்போலக் கட்டிவிடுகின்றன. உள்ளே அகப்பட்டது மூச்சுமுட்டி, உணவில்லாமல் கிடந்து மடிகிறது. வெட்டிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடாவிட்டால் கறுக்கிறதே, அதைச் செய்யும் தாவர நொதியத்திலும் இதே செப்புச் சோடிதான் இருக்கிறது.

இந்த நொதியம் சும்மா திறந்து கிடந்தால் ஆபத்து. சொந்த உடலையே எரித்துவிடும். அதனால் அது அடங்கிய நிலையில், பூட்டியபடி வைக்கப்பட்டிருக்கும். பங்கசின் சுவரில் உள்ள பீற்றா குளுக்கன், பற்றீரியாவின் சுவரில் உள்ள பொருள்கள், இவற்றைக் குருதியில் உள்ள வேறு புரதங்கள் அடையாளம் கண்டவுடன், ஒன்று இன்னொன்றை வெட்டி எழுப்ப, அது அடுத்ததை வெட்டி எழுப்ப, கடைசியில் பீனோலொட்சிடேசு எழுந்து நிற்கும். சுவீடனில் உப்சாலாப் பல்கலைக்கழகத்தின் கென்னத் சோடர்ஹால் தன் வாழ்நாளின் பெரும் பகுதியை இந்தச் சங்கிலித் தொடரை அவிழ்ப்பதில் செலவிட்டார்.

அவர் ஏன் அதில் இறங்கினார்? அங்கே ஒரு துயரம் நடந்தது. சுவீடன்காரருக்கு நன்னீர் நண்டிறால் என்றால் எங்களுக்குக் கூழுக்குள் போடும் நண்டுபோல உயிர். 1907இல் ஒரு நீர்ப்பங்கசு நோய் அந்த நாட்டுக்குள் வந்து, ஏரி ஏரியாக அந்த உள்ளூர் இனத்தை அழித்தது. பிறகு 1960களில் அமெரிக்காவிலிருந்து வேறோர் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அதே பங்கசு அதன் ஓட்டுக்குள்ளும் நுழைந்தது. ஆனால் அமெரிக்க இனம் சாகவில்லை. அதன் ஓட்டில் கரும்புள்ளிகள் மாத்திரம் விழுந்தன. பங்கசின் ஒவ்வோர் இழையையும் அது மெலனினால் சுற்றிக் கட்டிவிட்டது. ஒரே பங்கசு, ஒரே தண்ணீர், ஒன்று செத்தது, மற்றொன்று பிழைத்தது. பிழைத்த இனத்தில் அந்தக் கருமை வேலை எப்போதும் உயர்ந்த நிலையில் ஆயத்தமாக நின்றதை ஆய்வுகள் காட்டின. அந்தக் கரும்புள்ளி நோயின் அடையாளமா, வெற்றியின் அடையாளமா? வெற்றியின் அடையாளம் என்றே நான் சொல்வேன்.

இப்போது பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து இருங்கள். இன்றைய பேச்சின் நடுப்புள்ளிக்கு வருகிறேன்.

ஈமோசயனினில் இரண்டு செப்பு. பீனோலொட்சிடேசிலும் இரண்டு செப்பு. இரண்டின் அமைப்பையும் ஒப்பிட்டால், நண்டு, பூச்சி போன்ற கணுக்காலிகளில் இவை ஒரே குடும்பத்துப் புரதங்கள் என்று தெரிகிறது. அப்படியானால் மூச்சைச் சுமக்கும் புரதம் ஏன் கிருமியைக் கொல்வதில்லை? அதைக் கொல்ல வைக்க முடியுமா?

1998இல் செருமனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹைன்ஸ் டெக்கர் என்பவர் ஒரு பெருஞ்சிலந்தியின் ஈமோசயனினை எடுத்து, புரதத்தை வெட்டும் நொதியத்தால் அதன் ஒரு துண்டை நறுக்கிவிட்டுப் பார்த்தார். அது பீனோலொட்சிடேசாக வேலை செய்யத் தொடங்கியது. 2001இல் யப்பானின் கியூசூப் பல்கலைக்கழகத்தில் கவாபட்டாவும் அவருடன் இருந்தவர்களும் இன்னொரு வழியைக் காட்டினார்கள். குதிரைலாட நண்டின் குருதிக்கலங்கள் டாக்கிபிளெசின் என்ற சிறு கிருமிக்கொல்லிப் பெப்தைட்டை வெளிவிடும். அது போய் ஈமோசயனினோடு ஒட்டினால், வெட்டாமலேயே அந்தப் புரதம் பீனோலொட்சிடேசாக மாறியது.

எப்படி இது நடக்கிறது? எங்கள் ஊர்க் கிடுகுவேலியை நினைத்துக்கொள்ளுங்கள். வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. அந்தப் பொட்டால் கோழி போய்வரும். மாடு போக முடியாது. ஈமோசயனினின் செப்புச் சோடிக்குப் போகும் வழியும் அப்படித்தான். ஒட்சிசன் மிகச் சிறியது, போய்வரும். பீனோல் பெரியது, உள்ளே போக முடியாமல் ஓர் அமினோ அமிலம் மறித்து நிற்கிறது. அந்த மறிப்பு விலகினால் படலை திறந்ததுபோல. பீனோல் உள்ளே போகும், குயினோனாக வெளியே வரும். மூச்சைச் சுமந்த அதே புரதம், அதே செப்பு, அதே இடம். படலை மட்டும் திறந்திருக்கிறது.

யார் படலையைத் திறப்பது? இங்கேதான் நான் வியந்து நிற்கும் செய்தி வருகிறது. 2007இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜீக் லிங் அம்மையாரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. வீரியமான பற்றீரியாக்கள் உடலுக்குள் நுழையும்போது, வழியில் உள்ள புரதங்களை வெட்டிக்கொண்டு முன்னேற, புரதத்தை அறுக்கும் நொதியங்களை வெளிவிடுகின்றன. அந்த நொதியம் ஈமோசயனினிலும் படுகிறது. பட்டவுடன் ஈமோசயனின் விழித்துக்கொண்டு, கிருமியை எரிக்கும் வீரியமான ஒட்சிசன் வடிவங்களை அந்த இடத்திலேயே உண்டாக்குகிறது. எதிரி கொண்டுவந்த கத்திதான் எதிரியின் கழுத்துக்கு வருகிறது. கிருமி எவ்வளவு கொடியதோ, எவ்வளவு நொதியம் கக்குகிறதோ, அவ்வளவுக்குத் தாக்குதலும் கடுமையாகிறது. பிறபொருளெதிரி செய்ய நேரமில்லாத ஒரு பிராணிக்கு இதைவிடச் சிக்கனமான பாதுகாப்பு வேறென்ன இருக்க முடியும்?

அதே ஆய்வில் அவர்கள் எங்களுடைய ஈமோகுளோபினையும் பார்த்தார்கள். மனிதக் குருதியின் ஈமோகுளோபினும் கிருமிகளின் நொதியம் பட்டால் அதேபோலக் கிருமியை எரிக்கும் ஒட்சிசன் வடிவங்களை உண்டாக்கியது. செப்பும் இரும்பும் வேறு, நீலமும் சிவப்பும் வேறு. ஆனால் மூச்சைச் சுமக்கும் புரதத்தைக் காவலுக்கும் நிறுத்தும் வழக்கம் இருபக்கமும் இருக்கிறது.

இத்தோடு முடிந்ததா? முடியவில்லை. இந்தப் புரதம் முழுதாக நின்றும் போராடும், துண்டாகியும் போராடும். 2001இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள், கிருமி புகுந்த இறாலின் குருதியில் பங்கசைக் கொல்லும் சிறு பெப்தைட்டுகளைக் கண்டார்கள். அவை எங்கிருந்து வந்தன என்று தேடினால், ஈமோசயனினின் வால்முனையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட துண்டுகள். 2003இல் சோடர்ஹாலின் குழு நன்னீர் நண்டிறாலில் அஸ்ராசிடின் என்ற ஒன்றைக் கண்டது. வெறும் 16 அமினோ அமிலங்கள், அதுவும் ஈமோசயனினின் துண்டு, அது பற்றீரியாவைக் கொன்றது. 2004இல் கறுப்பு வரியிறாலின் ஈமோசயனின் பல வைரசுகளின் பெருக்கத்தைத் தடுப்பதாகச் சீனத்திலிருந்து ஆய்வு வந்தது.

மாடு வளர்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி. மாட்டு உண்ணி இருக்கிறதல்லவா, குருதி குடித்து உழுந்துபோல ஊதித் தொங்குமே, அதன் குடலுக்குள் 1999இல் பிரேசில் நாட்டவர்கள் ஒரு கிருமிக்கொல்லியைக் கண்டார்கள். அது உண்ணி செய்த பொருள் இல்லை. மாட்டின் ஈமோகுளோபினை உண்ணி வெட்டும்போது கிடைத்த துண்டு. மாட்டின் குருதியைக் குடித்து, அந்தக் குருதியிலிருந்தே தன் குடலுக்குக் காவல் எடுத்துக்கொள்கிறது அந்த உண்ணி!

இதெல்லாம் சுவீடனிலும் யப்பானிலும் சிங்கப்பூரிலும்தானா நடக்கிறது, எங்கள் பக்கத்தில் யாருமில்லையா என்று பிள்ளைகள் கேட்கலாம். இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை இந்தப் பாதையில் முன்னமே நடந்தது. களப்புச் சேற்று நண்டு, எங்கள் நீரேரிகளிலும் இருக்கும் அதே பெரிய நண்டு, அதன் குருதிநீரிலிருந்து ஒரு லெக்ரினை இரவீந்திரநாத்தின் குழு பிரித்தெடுத்து 1993இல் வெளியிட்டது. லெக்ரின் என்பது சர்க்கரை மூலக்கூறுகளை அடையாளம் காணும் புரதம். கிருமியின் மேற்பரப்பில் சர்க்கரைகள் இருக்கும். லெக்ரின் அவற்றைத் தொட்டு, கிருமிகளைத் திரளாகக் கட்டி நிறுத்தும். அதே துறையில் முல்லைநாதன் பச்சைச் சிப்பியின் குருதிநீரில் இதே வகைக் காவற் புரதங்களை ஆராய்ந்தார். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வசீகரனும் மாணவரும் இறாலின் குருதியிலிருந்து பீற்றா குளுக்கனைப் பற்றும் புரதத்தையும் லெக்ரினையும் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்த இறால் இனங்களில் ஒன்று, பாக்கு நீரிணையில் இருபக்கத்து வலைகளிலும் விழுவது. கடலுக்கு அந்தப் பக்கம் ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்த்த புரதம், இந்தப் பக்கம் எங்கள் சட்டியில் கொதிக்கிறது!

இனி ஒரு கவலையான செய்தி. இவ்வளவு திறமான காவல் இருந்தும், 1996இல் புத்தளம், சிலாபம் பக்கத்து இறால் பண்ணைகள் ஏன் விழுந்தன? அதற்கு முன்னே 1994, 1995இல் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பண்ணைகள் ஏன் அழிந்தன? வெண்புள்ளி வைரசு. ஓட்டில் வெள்ளைப் பொட்டுகள் விழும். மூன்று நாள், ஐந்து நாள், பத்து நாளுக்குள் குளம் முழுதும் செத்து மிதக்கும். கடன்பட்டுக் குளம் வெட்டிய குடும்பங்கள் கரையில் நின்று அதைப் பார்த்தன.

இறால் போராடவில்லையா? போராடியது. ஆனால் இந்த வைரசு காவலின் வேரிலேயே கை வைக்கிறது. நோய் பிடித்த இறாலின் குருதியை ஊசியால் எடுத்துப் பார்த்தால் அது சரியாக உறையாது. பீனோலொட்சிடேசை எழுப்பும் சங்கிலியைத் தடுக்கும் ஒரு புரதத்தையே இந்த வைரசு செய்கிறது என்று தாய்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். இதற்கு மேல், பண்ணை நெருக்கம். ஓர் இறாலுக்கு இயற்கையில் கிடைக்கும் இடத்தில் பல இறால்களை அடைத்தால், ஒட்சிசன் குறைகிறது, கழிவு கூடுகிறது. உவர் சட்டென்று ஏறினாலும் இறங்கினாலும் பீனோலொட்சிடேசின் வேலை தளர்வதை அளந்து காட்டியிருக்கிறார்கள். பட்டினி கிடந்தாலும், ஓடு கழற்றும் பருவத்திலும் ஈமோசயனினின் அளவு இறங்குகிறது. ஏனென்றால் அது உணவுச் சேமிப்பாகவும் இருக்கிறது, உடம்பு அதையே எடுத்துச் செலவழிக்கிறது. களைத்து, பசித்து, மூச்சுக்குத் தவிக்கும் ஓர் உடம்பில் காவலும் களைத்துத்தான் இருக்கும்.

அப்போது பண்ணைக்காரர் என்ன செய்தார்கள்? பல நாடுகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் குளத்தில் கொட்டினார்கள். நுண்ணுயிர்க்கொல்லி வைரசைக் கொல்லாது. கொல்லாதது மட்டுமா? மருந்துக்குப் பணியாத பற்றீரியாக்களை அது வளர்த்துவிட்டது. குளோராம்பெனிக்கோல் எச்சம் இருந்ததால் கப்பலில் போன இறால் பெட்டிகள் ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்தன. இது பெரிய தவறு என்று நான் எங்கும் சொல்வேன். இறாலிடம் உள்ள காவலைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவர்கள், அந்தக் காவலைப் பற்றி ஒரு வார்த்தை அறியாமல் மருந்துப் போத்தலைத் திறந்தார்கள். இன்று புத்தளத்தில் குஞ்சை வைரசுக்குப் பரிசோதித்த பிறகே விடுவதும், எந்தப் பகுதி எந்தக் காலத்தில் வளர்ப்பது என்று நாட்காட்டி போடுவதும் வழக்கமாகிவிட்டது. அதுவே சரியான பாதை.

குதிரைலாட நண்டைப் பற்றிச் சொன்னேன். அது எங்கள் கரையில் நாம் காண்கிற பிராணி இல்லை. ஒடிசாக் கரையிலும் சுந்தரவனத்திலும் இருக்கிறது. ஆனால் இந்த அவையில் உள்ள ஒவ்வொருவரும் அதற்குக் கடன்பட்டிருக்கிறோம். 1956இல் ஃபிரெடெரிக் பாங் என்ற அமெரிக்க மருத்துவர், அதன் உடலில் சில பற்றீரியாக்களை ஏற்றினால் குருதி முழுதும் கட்டியாவதைக் கண்டார். ஜாக் லெவினோடு சேர்ந்து அதை ஒரு பரிசோதனையாக்கினார். பற்றீரியாவின் சுவரிலிருந்து உதிரும் நச்சு எள்ளளவு இருந்தாலும் அந்தக் குருதிச் சாறு கட்டியாகும். 1977இல் அமெரிக்க அரசு அதை ஏற்றது. ஊசிமருந்தும் தடுப்பூசியும் சேலைனும் நச்சற்றவை என்று உறுதி செய்ய உலகமெங்கும் இந்தச் சோதனைதான் கைகொடுத்தது. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் தாய்க்கு, எங்கோ ஒரு கடற்கரையில் நீலக் குருதி கொடுத்த பிராணியைத் தெரியாது. அந்தக் குருதிக்காக ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் அவற்றைப் பிடித்தார்கள். அதைக் குறைக்க வழிசெய்தவர்களும் சிங்கப்பூரின் டிங் அம்மையாரும் ஹோ போவுமே. அந்த நச்சை முதலில் உணரும் புரதமான காரணி சி என்பதன் மரபணுவை எடுத்து, பிராணியைத் தொடாமல் ஆய்வுகூடத்தில் அதைச் செய்ய வைத்தார்கள். 2021இலிருந்து ஐரோப்பிய மருந்து நியம நூலில் அந்த முறைக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

நுளம்பைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் குருதி பற்றிப் பேசி முடிக்க முடியாது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு திசெம்பரில் மன்னாரில் அனோபிலிசு ஸ்ரீபென்சி என்ற இந்திய நகரங்களின் மலேரியா நுளம்பு பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாண நகரிலும் அது இருப்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுரேந்திரனின் குழு கண்டது. கிணறும் தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் பிடித்த இடங்கள். அனோபிலிசு நுளம்புகளின் குருதியில் ரெப்-1 என்ற ஒரு புரதம் கரைந்திருக்கிறது. மலேரியா ஒட்டுண்ணி குடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்போது, அந்தப் புரதம் போய் அதன்மேல் ஒட்டி, கொல்ல வேண்டியது இது என்று குறி வைக்கிறது. 2004இல் ஆபிரிக்க அனோபிலிசு இனமொன்றில் அந்தப் புரதத்தை அடக்கிப் பார்த்தபோது ஒட்டுண்ணிகள் பல மடங்கு தப்பின. ஒரு நுளம்பு மலேரியாவைக் கடத்துமா கடத்தாதா என்பதில் அதன் குருதிப் புரதத்துக்கும் பங்குண்டு என்று இதனால் அறிந்தோம். அதற்காகக் கிணற்றில் மீன் விடுவதையும் தொட்டியை மூடி வைப்பதையும் யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

நேரம் போய்விட்டது, அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார். இரண்டு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன்.

வடக்கில் இறாலும் நண்டும் வளர்க்கப் பலர் இப்போது முன்வருகிறார்கள். அவர்களிடம் கேட்கிறேன்: குஞ்சைப் பரிசோதிக்காமல் விடாதீர்கள், நெருக்கி விடாதீர்கள், மாரி மழை உவரை உடைக்கும் நாட்களில் குளத்தை விட்டு நகராதீர்கள், நுண்ணுயிர்க்கொல்லிப் போத்தலைக் கரைக்கே கொண்டுவராதீர்கள்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடமும் ஆசிரியர்களிடமும் கேட்கிறேன்: தண்ணீரின் உவரைப் பார்க்கும் கையடக்க முறிவுமானியால், ஒரு சொட்டுக் குருதிநீரில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதையும் மதிப்பிடலாம். உலகமெங்கும் நண்டு, சிங்கி இறால் வணிகத்தில் இதைச் செய்கிறார்கள். உப்பாற்று நண்டையும் இறாலையும் எடுத்து, மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, ஓடு கழற்றியதற்கு முன்னும் பின்னும் என்று அளந்து கொப்பியில் எழுதுங்கள். எழுதியதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த மாரி தொடங்குவதற்கு முன் இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.